ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது

லேரோஸ், ஜூன் 3

அன்பு மகன் இசிடோரோஸுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் அந்த ஊர்ப் பனியெல்லாம் கரைந்து சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அம்மாவுக்கு இடுப்பு வலி இருந்தபடியே இருக்கிறது, கோயில் படி ஏறுவதையும் விட்டுவிட்டாள். சுகமில்லாதது உன் படகுதான். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசுகிற பத்து நிமிஷமும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆசை ஆசையாக அந்தப் பாய்மரப் படகை வாங்கினாய், ஒரே ஒரு கோடை ஓட்டினாய், பிறகு படகுப் பட்டறையில் யூகலிப்டஸ் மரத்தடியில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு ஓட்டாவாவுக்கு விமானம் ஏறினாய். அது இருக்கிறதா செத்ததா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்களையே கேட்காதவன் படகை எங்கே கேட்கப்போகிறான் என்று நானும் விட்டுவிட்டேன். திடீரென்று நோன்புக் காலத்தில் உன் மெசேஜில் உத்தரவு வருகிறது, ஜூலையில் நண்பர்களோடு வருகிறோம், லிப்ஸி, பாட்மோஸ், அமோர்கோஸ் என்று தீவு தீவாக மூன்று வாரம் சுற்றப்போகிறோம், கேபினில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, இருந்தால் ஏதென்ஸிலேயே வாடகைப் படகு எடுத்துக்கொள்வோம், அப்போது லேரோஸ் பக்கம் வர முடியாது என்று. அந்தக் கடைசி வரியை அம்மா மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

நானும் வேலையில் இறங்கினேன். தார்ப்பாய் தொட்டால் பொடியாக உதிர்ந்தது, உன் படுக்கையில் புறா முட்டையிட்டிருந்தது, பாய்மரத் துணிகளில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம். பாய்களை அம்மாதான் உட்கார்ந்தபடியே வினிகர் போட்டுத் துடைத்தாள், கேபின் ஜன்னலுக்கு நீலத் திரையும் தைத்தாள். ஆறு வருஷ வெயிலில் பலகைகள் வற்றிச் சுருங்கி ஒவ்வொரு இடுக்கிலும் விரல் நகம் போகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. இன்டர்நெட்டில் பார்த்து நீ ஒரு பசை எழுதியிருந்தாயே, கல்லாக இறுகுமே, அதை எல்லா இடுக்கிலும் அழுத்தி நிரப்பச் சொன்னாயே, அதைத்தான் வரவழைத்தேன். படகு கட்டுகிற ஓடாவி யாகோவோஸ் அந்த டப்பாவைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டான்.

"டேய் பாண்டெலி, காஞ்ச மரம் தண்ணி குடிச்சா வீங்கும்டா. அதுக்கு எடம் வுட்டுப் பஞ்சுத் திரியை இளக்கமா அடை. ரெண்டு நாள் உள்ளே தண்ணி வரும், மோட்டார் வச்சு இறைச்சுக்கிட்டே இரு, தானா மூடிக்கும். இப்படிக் கல்லு மாதிரி அடைச்சா தன்னையே ஒடைச்சுக்கும்" என்றான்.

எனக்குத் தெரியாததா இது? கப்பலிலேயே நாற்பது வருஷம் கழித்தவன் நான். ஆனால் வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "புள்ள சொன்னபடியே செஞ்சுடுங்களேன், அவன் சாக்குத் தேடுறான், நாம எடுத்துக் குடுக்க வேணாம்" என்றாள். அவளும் உன்னைப் பெற்றவள்தானே, உன்னைத் தெரியாமலா இருக்கும். தெரிந்தே அடைத்தேன். இதில் உன் குற்றம் பாதி, என் குற்றம் பாதி.

செவ்வாய்க்கிழமை இங்கே யாரும் படகு இறக்குவதில்லை என்பதால் திங்களன்றே இறக்கினோம். பாதிரியார் வந்து துளசிக் கொத்தால் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். உள்ளே ஒரு சொட்டு இல்லை. போட்டோ அனுப்பினேன், நீ ஒரு கட்டைவிரலை அனுப்பினாய், அவ்வளவுதான். வியாழக்கிழமை மதியம் ரொட்டியும் ஆலிவும் தின்றுகொண்டிருந்தேன், படீர் படீரென்று மூன்று சத்தம். வீங்கின பலகைகள் ஒன்றையொன்று நெட்டி, உள்ளே விலா எலும்புபோல நிற்கிற சட்டங்கள் முறிந்து, இரண்டு பலகை ஆணியோடு பிதுங்கி வெளியே வந்துவிட்டது. கிரேன் வருவதற்குள் அம்மா தைத்த திரை வரைக்கும் தண்ணீர். யாகோவோஸ் ஒரு குத்தலும் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. இந்த வருஷம் ஆகாது, சட்டமெல்லாம் மாற்ற வேண்டும், அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னான்.

ஆக உனக்கு இங்கே படகு இல்லை. வீடு இருக்கிறது, உன் அறையில் கட்டில் இருக்கிறது, திராட்சை இலைக்குள் சோறு பொதிந்து ஊட்ட ஒருத்தி இருக்கிறாள். அதற்காக வருவதென்றால் வா. அவளால் அவ்வளவு தூரம் விமானத்தில் உட்கார முடியாது என்பது உனக்கே தெரியும். வரவில்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நீயே அவளிடம் சொல்லிவிடு. வேலை அதிகமாம், விடுமுறை கிடைக்கவில்லையாம், டிக்கெட் ஏறிவிட்டதாம் என்று ஆறு வருஷமாக நீ சொல்லாததையெல்லாம் நீ எனக்குத் தனியாக எழுதியதாக நான்தான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை என்னிடம் பொய் இல்லை.

தூய நிக்கோலாஸ் உங்கள் இருவரையும் கரையிலும் கடலிலும் காப்பாற்றட்டும். வயிற்றைக் காயப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை போனை அவள்தான் எடுப்பாள், நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

உன் அப்பா,
பாண்டெலிஸ்