பதினொரு நிமிடம் இளையவளுக்கு நான்கு வயது மூப்பு

அனுப்புநர்
ம. சண்முகப்பிரியா (வயது 37),
க/பெ. மனோஜ்குமார்,
செட்டிக்காட்டுத் தோட்டம்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: பல்லைப் பார்த்து வயது கூடியவள் என்று என் மகள் வர்ஷினியை ஓட்டப் போட்டியிலிருந்து நீக்கியது – என் இரட்டைப் பிள்ளைகள் இருவரையும் எக்ஸ்ரே எடுத்து மறுபரிசோதனை செய்யக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் பம்புசெட் கம்பெனி ஒன்றில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் வேலை செய்கிறேன். 11.04.2014 அன்று காலை எனக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. 6.10-க்கு மிதுனா, 6.21-க்கு வர்ஷினி. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த நேரங்கள் உள்ளன. பிறப்புச் சான்றிதழ்களும் உள்ளன.

2. வர்ஷினி நன்றாக ஓடுவாள். மிதுனாவுக்கு ஓடுவதென்றாலே ஆகாது. தங்கையின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். தாங்கள் புரவலராக உள்ள நொய்யல் மண்டலச் சிறுவர் தடகளக் கழகம் கடந்த 8-ஆம் தேதி நடத்திய பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் 300 மீட்டர் ஓட்டத்தில் வர்ஷினி முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக வந்த பிள்ளையின் வீட்டார் ஆட்சேபித்தார்கள். உடனே கழகத்தின் வயது சரிபார்ப்புக் குழுவைச் சேர்ந்த திரு. திருமலைசாமி அவர்கள், செல்போன் டார்ச்சை அடித்து என் மகளின் வாய்க்குள் பார்த்தார். பால் பல் ஒன்றுகூட இல்லை, இரண்டாவது பெரிய கடைவாய்ப் பல்லும் முனை காட்டுகிறது, ஆகவே வயது பதின்மூன்றரை என்று அங்கேயே எழுதிவிட்டார். நான் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். "பல்லு பொய் சொல்லாதுங்க அம்மணி, பேப்பருதானுங்க பொய் சொல்லும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். 12-ஆம் தேதியிட்ட கடிதத்தில், வயது மோசடிக்காக இரண்டாண்டுத் தடை என்று வந்துவிட்டது.

3. பால் பல் ஏன் இல்லை என்பதை நான் அன்றே சொன்னேன். நான்காம் வகுப்பில், ஒன்பது வயதில், பள்ளிக்கு வந்த பல் மருத்துவ முகாமில் வர்ஷினிக்குப் பூச்சிப்பல் ஆறு பிடுங்கினார்கள். வழி கிடைத்ததும் அடியிலிருந்த பல் சீக்கிரமே மேலே வந்துவிட்டது. இதற்குக் குழுவினர் சான்று கேட்டார்கள். பள்ளியில் கேட்டால், பதிவேட்டை முகாம்காரர்களே எடுத்துப் போய்விட்டார்கள் என்கிறார்கள். சரி, பிடுங்கிய பல்லையாவது கொண்டுவாருங்கள் என்றார்கள் குழுவினர். அய்யா, விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிவதுதான் எங்கள் வழக்கம், முகாமில் பிடுங்கிக் கொடுத்தனுப்பியதையும் நான் அப்படித்தான் எறிந்தேன். பின்னாளில் பல்லுக்குக் கணக்குக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் ஏணி போட்டு ஏறி ஓட்டின் இடுக்கெல்லாம் தேடினேன். ஒரு இறகுப்பந்தும் மிதுனாவின் பழைய செருப்பும்தான் கிடைத்தன.

4. இனி இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது என்று எண்ணி, 15-ஆம் தேதி மிதுனாவையே குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்தினேன். அதுதான் நான் செய்த தவறு. அதே டார்ச்சை அடித்து அவள் வாயையும் பார்த்தார்கள். அவளுக்கு இன்னும் ஐந்து பால் பல் விழாமல் இருக்கிறது. வயது ஒன்பதரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். இருவரும் ஒரே காலையில் பிறந்தவர்கள் ஆயிற்றே என்றேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க, வாயில இருக்கறதத்தான் நாங்க எழுதோணும்" என்றார் திரு. திருமலைசாமி. மூன்றாம் நாள், பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவில் மிதுனா பங்கேற்கலாம் என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

5. ஆர்.எஸ்.புரத்தில் பல் மருத்துவர் ரிஃபத் அவர்களிடம் இருவருக்கும் முழுத் தாடை எக்ஸ்ரே எடுத்தேன். வெளியே முளைத்த பல்லை மட்டும் எண்ணி வயது சொல்லக் கூடாது, ஈறுக்குள் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், இருவருக்கும் வேர் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளது, வயது பதினொன்றிலிருந்து பன்னிரண்டு இருக்கலாம், அதிலும் ஒரு வருடம் முன்பின் ஆகும் என்றார். படித்தவர் ஒரு வருடம் முன்பின் ஆகும் என்கிறார். டார்ச் அடித்தவருக்கு மட்டும் அரை வருடம்கூடப் பிசகாமல் தெரிகிறது. தனியார் அறிக்கை செல்லாது என்று குழு அதையும் திருப்பிவிட்டது.

6. பள்ளியில் வர்ஷினியைக் கெழவி என்று கூப்பிடுகிறார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் இப்போது பேசுகிறாள், சிரிப்பதே இல்லை. நேற்று தலை பின்னிவிடும்போது, "ஏம்மா, நெசமாலுமே நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பொறந்தமா? நீ மறந்துபோட்டியா?" என்று கேட்டாள். பெற்றவளிடம் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தது.

7. மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுக்க வரும் 28-ஆம் தேதி கடைசி நாள். அதற்குள் இருவரையும் ஒரே நாளில் அரசுப் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும், மோசடி என்ற சொல்லை என் மகளின் பெயரிலிருந்து நீக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். இல்லை, டார்ச் வெளிச்சத்தில் எழுதியதுதான் உண்மை என்றால், வர்ஷினியை நான் எந்த ஆண்டு, எந்த ஊரில் பெற்றேன் என்பதையும் அந்தக் குழுவே எழுதிக் கொடுக்கட்டும். கேட்கிற பிள்ளையிடம் காட்ட எனக்கு அது வேண்டும்.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லி இருவரையும் கூடவே அழைத்து வந்திருக்கிறேன். வெளியே மரத்தடியில் நிற்கிறார்கள். தாங்கள் அழைத்தால் உள்ளே வருவார்கள். மிதுனா உடனே வாயைத் திறந்து காட்டுவாள். வர்ஷினி கையை எடுக்கக் கொஞ்ச நேரமாகும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இடம்: கோயம்புத்தூர்
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
இருவரையும் பெற்ற தாய்,
(ஒப்பம்) ம. சண்முகப்பிரியா

இணைப்பு: பிறப்புச் சான்றிதழ் 2, டிஸ்சார்ஜ் சீட்டு நகல், குழு கொடுத்த வயதுச் சான்று 2, தடைக் கடிதம், எக்ஸ்ரே 2.