வெறும் மாத்திரை சாப்பிட்டவனுக்கு

அன்பு அண்ணா,

நீ போன பிறகு எனக்குச் சண்டை போட ஆளில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்பாவிடமிருந்து நம் இருவருக்கும் வந்த வீங்கிய இதயத்துக்காக ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேர்ந்தோமே, அது முடிந்து மருந்து கடைக்கே வந்துவிட்டதாம். வழக்கமான மாத்திரைகளோடு கூடுதலாக ஒன்று தந்தார்கள் அல்லவா? பாதிப் பேருக்கு அதில் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அப்போது டாக்டருக்கே தெரியாது, கம்ப்யூட்டர்தான் பிரித்தது. எனக்கு வந்தது மருந்து. உனக்கு வெறும் மாத்திரை.

உனக்கு இது புதுச் செய்தி இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரே தலைச்சுற்றல். கேம்ப் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உனக்குத்தான் போன் செய்தேன். "போதும்ணா, நிறுத்திடறேன்" என்றேன்.

"டேய், தலை சுத்துதுன்னா உன்னோடதுலதான்டா மருந்து இருக்கு. டாக்டராண்ட சொல்லு, ஆனா விட்டுடாத. எனக்கு இன்னா பண்ணுது? ஒண்ணுமே பண்ணல" என்று சிரித்தாய்.

"அப்போ மாத்திக்கலாம்ணா."

அவ்வளவுதான், உனக்குக் கோபம் வந்துவிட்டது. திருமுடிவாக்கம் கம்பெனியில் தரம் பார்க்கிற ஆளாயிற்றே நீ. "சாம்பிள் பீஸை மாத்தி வச்சவனை நான் வேலைய விட்டே தூக்கியிருக்கேன். என்னையே அத பண்ணச் சொல்றியா? பின்னாடி வர்றவன் இன்னாடா பண்ணுவான்?"

உன் வழக்கமான பிடிவாதம் என்று விட்டுவிட்டேன். ஆராய்ச்சிக்காக மட்டும்தான் மறுத்தாயா? நல்லது தம்பி பக்கமே இருக்கட்டும் என்றும் நினைத்தாயா? இனி யாரைக் கேட்பேன்?

"அண்ணனுக்கு அது கிடைச்சிருந்தா இருந்திருப்பாரா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஒருத்தரை வச்சு அப்படிச் சொல்ல முடியாது சார். ஆனா அவங்கள மாதிரி ஒழுங்கா சாப்பிட்டவங்க இருந்ததாலதான், மருந்து வேலை செய்யுதுன்னே தெரிஞ்சுது" என்றார். நல்ல பதில்தான். எனக்குப் போதவில்லை. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மகள் கவிதாவுக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தோம். அவளுக்கும் அதே இதயம்தான் அண்ணா. ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம் என்கிறார்கள். அதே மாத்திரையைத்தான் கவிதாவுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று காலை மாடம்பாக்கம் வீட்டில், முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, இது நிஜ மருந்துதானே?"

"நிஜந்தாம்மா. உங்கப்பா செக் பண்ணி அனுப்புனது."

அழுதுகொண்டே விழுங்கினாள். அவளுக்குத் தலை சுற்றினால் நான் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். நிறுத்த மட்டும் விடமாட்டேன், அண்ணா.

நீ மாற்றிக்கொள்ள மறுத்ததால் இருக்கிற,
உன் தம்பி