சுவரில் மாட்டிய ஊத்

ரனீமின் அப்பாவுக்கு,

சானவிய்யா என்கிற பள்ளியிறுதிப் பரீட்சை முடியும்வரை ரனீம் ஊத் வாத்தியம் வாசிக்கக் கூடாது என்று குவைத்திலிருந்து போனில் உத்தரவு போட்டீர்கள். உங்கள் தம்பி வஹீத் அன்றே வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளை விஞ்ஞானம் படிக்க வேண்டுமாம், பாட்டு அதற்கு இடைஞ்சலாம்.

அவள் இயற்பியல் புத்தகத்தைத் திறந்ததே அந்த ஊதுக்காகத்தான். விரலை எங்கே வைப்பது என்று அதன் கழுத்தில் எந்தக் குறியும் கிடையாது. தந்தியை எங்கே அழுத்தினால் சுருதி சேரும் என்று அளவுகோலும் கையுமாக உட்கார்ந்தவள், வகுப்பில் தொடங்கும் முன்பே ஒலி அலைகள் பாடத்தை முடித்துவிட்டாள். ஊத் போன பிறகு புத்தகத்தைத் தொடவேயில்லை. கேட்டால், "இனிமே அது எதுக்கும்மா?" என்கிறாள்.

நேற்று வஹீத் வீட்டுக்குப் போனேன். வருகிற விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று வரவேற்பறைச் சுவரில் அதை மாட்டி வைத்திருக்கிறார். நான் கழற்றியதும், "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணி?" என்றார்.

"உங்கண்ணன் பிள்ளைகிட்ட கேட்டாரா?" என்றேன். ஊற்றி வைத்த டீயைத் தொடாமல் வந்துவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று, போகட்டும்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் போன் செய்யாதீர்கள். உள்ளே தந்தி ஒலிக்கிறது, பக்கத்தில் இயற்பியல் புத்தகம் திறந்து கிடக்கிறது. பிள்ளை படிக்கிறாள். நீங்கள் இடைஞ்சல் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மகளைப் பெற்றவள்