மலை வளைவில் வண்டி ஓட்டியது யார்

அக்கரப்பத்தனை
சனிக்கிழமை

என் அன்பு மகன் ஜீவராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவி சுதர்ஷினியும் பிள்ளையும் மாரியம்மன் காவலில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே உடம்பில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று அவளிடமே கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் பிரியந்தி புலமைப்பரிசில் பரீட்சையில் நூற்று ஐம்பத்து நான்கு புள்ளி எடுத்திருக்கிறாள், பாடசாலையிலேயே அவள்தான் முதல், அதிபர் காலைக் கூட்டத்தில் அவள் பெயரை இரண்டு தரம் வாசித்தாராம். நான் அஞ்சாம் வகுப்போடு புத்தகத்தை வைத்தவள், அவளுக்கு அந்த அஞ்சாம் வகுப்பில்தான் கதவே திறந்திருக்கிறது. உன் அக்கா மகள் பூரணி ஹட்டனில் இன்சூரன்ஸ் கந்தோரில் நிரந்தரமாகிவிட்டாள், கழுத்தில் பெயர் அட்டை தொங்க பஸ்ஸில் வருகிறாள், கண்டக்டர் அவளுக்கு இடம் பார்த்துக் கொடுக்கிறான். அவள் தம்பியும் ஆசிரியர் கலாசாலைக்கு எடுபட்டிருக்கிறான். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இத்தனை பிள்ளைகள் தலையெடுத்த வீடு நம்முடையதுதான், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. போன செவ்வாய்க்கிழமை அந்த நினைப்போடுதான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது மேல் லயத்து வரிசை வீட்டு அழகம்மா ஒரு சீப்பு வாழைப்பழமும் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கலும் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் குனிந்து என் காலைத் தொட்டாள். என்னடி இது, உனக்கும் எனக்கும் நாலு வயதுதானே வித்தியாசம் என்று கேட்டால் அழுகிறாள். "ஒங்க மகன் இல்லன்னா எம்புள்ள நிரோஷன் இந்நேரம் ஜெயில்ல கெடப்பான், அக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து அவளாகவே சொல்லிக்கொண்டு போகிறாள். உன் அறையில் தங்கியிருக்கும் நிரோஷனும் நீயும் இன்னும் இரண்டு பேரும் லீவு நாளில் உன் காரை எடுத்துக்கொண்டு டுபாயிலிருந்து எல்லை தாண்டி ஓமானுக்குப் போனீர்களாம். மூன்று வருஷமாக மணலையே பார்த்துக்கொண்டிருந்த உங்களுக்கு ஒரு மலை ரோட்டைக் கண்டதும் பைத்தியம் பிடித்ததாம். நிரோஷன் "அண்ணே, நானுஓயா ஏத்தத்துல லொறி ஓட்டுனவன் நான், இத ஓட்டமாட்டேனா" என்று கெஞ்சினானாம், நீயும் சாவியைக் கொடுத்துவிட்டாயாம். மூன்றாம் வளைவில் எதிரே வந்த ஒரு கிழவருடைய சின்ன லொறியில் கொண்டுபோய் அடித்தானாம். கிழவர் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாராம், பெல்ட் அழுத்திக் கன்றிய உன் தோளையும் அங்கேதான் காட்டினாயாம். நிரோஷனிடம் இருப்பது நம் நாட்டு லைசன் மட்டும்தான், அது அங்கே செல்லாது என்பதால் பொலிஸ் வருவதற்குள் நீங்கள் இடம் மாறி உட்கார்ந்து, ஓட்டியது நான்தான் என்று நீ சொன்னாயாம்.

மகனே, ஆய்ந்த கீரை மடியிலேயே வாடிப்போனது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது கார்ல ஒரு கீறல்மா என்று சொன்னாய், நானும் கீறல்தானே என்று விட்டுவிட்டேன். ஒரு மனுஷன் கால் முறிந்தது உனக்குக் கீறலா. அந்தக் கிழவர் பேர் என்ன என்று அழகம்மாவிடம் கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. தன் மகனுக்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தவள் அந்த மனுஷன் பேரைக் கேட்டு வைக்கவில்லை. சாயந்திரம் சுதர்ஷினி கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்ததும் சொன்னேன், கூடையைக்கூட இறக்காமல் நின்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஹட்டனுக்குப் போய் பூரணியைப் பிடித்தேன். அவள் தேத்தண்ணிக் கடையில் வைத்து எனக்கு விளங்கும்படி சொன்னாள். ஒரு நாட்டில் எடுத்த வாகன இன்சூரன்ஸ் அந்த நாட்டுக்குள் மட்டும்தானாம், எல்லை தாண்டுவதென்றால் அடுத்த நாட்டுக்கும் செல்லும்படி தனியாக ஒரு பத்திரம் சேர்த்து எடுக்க வேண்டுமாம், எடுக்காமல் போனால் ரோட்டில் வெறுங்கையோடு நிற்பது போலத்தானாம். நீ எல்லையிலேயே அதை எடுத்தாய் என்று அழகம்மா சொல்லியிருந்தாள், அந்த மட்டில் என் நெஞ்சு கொஞ்சம் ஆறியது. அந்தப் பத்திரம் அடிபட்ட கிழவரையும் அவர் லொறியையும் பார்க்கத்தானாம், உன் காருக்கு ஒன்றும் வராதாம், அது போகட்டும். ஆனால் ஓட்டியது யார் என்ற இடத்தில்தான் எல்லாம் நிற்கிறதாம். அங்கே செல்லுபடியாகும் லைசன் இல்லாதவன் கையில் வண்டியைக் கொடுத்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கிழவருக்குக் கொடுத்தாலும் அதை உன்னிடம் திருப்பிக் கேட்கலாமாம். உண்மையைச் சொன்னாலும் அந்தச் சுமை உன் தலையில் விழலாம் என்று அவள் மறைக்காமல் சொன்னாள். "நான் சொல்றது நம்ம நாட்டு முற, அம்மாச்சி, அங்க கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். ஆனா ஆள மாத்திச் சொன்னா எந்த நாட்டுலயும் விடமாட்டாங்க. அது இன்சூரன்ஸ் வெவகாரம் இல்ல, பொய் வாக்குமூலம்" என்றாள். பிறகு உனக்கு பெல்ட் பட்டு எந்தத் தோளில் கன்றியிருக்கிறது என்று கேட்டாள். வலது தோள் என்று அழகம்மா சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. அங்கே ஓட்டுகிறவன் இடது பக்கம் உட்காருவான், பெல்ட் இடது தோளில்தான் அழுத்தும், வலது தோளில் காயம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்று ஆஸ்பத்திரித் துண்டைப் பார்த்தாலே கம்பெனிக்காரன் சொல்லிவிடுவானாம். நீங்கள் இரண்டு நிமிஷத்தில் கட்டிய பொய் உன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. அதோடு ஓமானில் சொன்ன ரகசியம் பதினொரு நாளில் நம் லயத்துக்கு வந்துவிட்டது, அங்கே உள்ளவர்கள் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும்.

வருகிற பதினெட்டாம் திகதி இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர் வந்து உன் வாக்குமூலத்தை எழுதி எடுக்கப் போகிறார் என்றும் அழகம்மாதான் சொன்னாள். அன்றைக்கு நீ உள்ளதைச் சொல்ல வேண்டும். பொலிசிலும் போய்த் திருத்திச் சொல்ல வேண்டும். தமிழோ இங்கிலீஷோ தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ, வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதே. நிரோஷனுக்கு வேலை போகும், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவனுக்குத் தெரியாமல் செய்யாதே, முதலில் அவனிடம் முகத்துக்கு நேராகச் சொல், அவனும் கூட வந்தால் நல்லது. நானும் ஒளித்து எழுதவில்லை. வியாழக்கிழமை அழகம்மா வீட்டுக்குப் போய், உண்மையைச் சொல்லச் சொல்லி மகனுக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். "நன்றி சொல்ல வந்தது என் தப்புக்கா. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். நேற்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என் குடத்துக்கு இடம் விடாமல் நின்றாள், முப்பது வருஷம் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள் நாங்கள். உன்னால் ஒரு குடும்பம் என் முகத்தைப் பார்க்காமல் போகிறது, அதையும் தாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ கெட்ட மனசோடு செய்யவில்லை, கூட வந்த பிள்ளையை விட்டுவிடக்கூடாது என்று செய்தாய். ஆனால் அந்தக் கிழவருக்கும் வீட்டில் ஒரு அழகம்மா இருப்பாள்.

போனில் சொல்லியிருப்பேன், நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன், பக்கத்துக் கட்டிலில் நிரோஷன் படுத்திருப்பான், அவன் அதை என் வாயால் கேட்கக்கூடாது. அதனால்தான் லீவு முடிந்து திங்கட்கிழமை டுபாய்க்குப் புறப்படும் செல்லசாமி கையில் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கிழவரைப் பார், பேரைக் கேட்டு எனக்கு எழுது, கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை வைக்க வேண்டும். தோளுக்கு எண்ணெய் போட்டு உருவாதே, டாக்டரிடம் காட்டு. மாரியம்மன் உன் வாயில் உண்மையையும் காலில் பலத்தையும் வைக்கட்டும். பதினெட்டாம் திகதியை மறந்துவிடாதே. வாக்குமூலம் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் நேரே ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் போடு. போனில் அனுப்பாதே, என் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். சொன்னாயா என்று நான் கேட்கமாட்டேன், உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும்.

உன்னைப் பெற்றவள்,
மு. சண்முகவடிவு