குளியலறைக்கு வெள்ளை அடித்தவன்

மார்ச் 4
விடிந்ததும் வசவு. குளியலறை முழுக்க சிகரெட் நாற்றமாம். மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போனதும் மகள் நாலு மாத வயிற்றோடு இங்கே வந்தாள். அன்றே நான் சிகரெட்டை விட்டாயிற்று. யார் நம்புகிறார்கள்? "பூனை சைவமாயிடுச்சாம்" என்கிறாள் வீட்டுக்காரி. பட்டறையில் கார்களுக்குப் பெயிண்ட் அடித்தே என் மூக்கு செத்துப்போயிற்று; முகத்துக்கு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். பழைய புகை சுவரில் ஊறியிருக்கும்.

மார்ச் 9
குளியலறையைச் சுரண்டி இரண்டு கோட் வெள்ளை அடித்தேன். பெயிண்ட் வாடை ஆகாதென்று மகளை என் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என்ன ஒரு முன்ஜாக்கிரதை!

மார்ச் 12
நாற்றம் போயே போச்சு என்றாள் வீட்டுக்காரி. மகள் சாயங்காலம் திரும்பிவிட்டாள்.

மார்ச் 13
"சுவத்துக்கு அடிச்சாச்சு. உங்க வாய்க்கு யாரு பெயிண்ட் அடிக்கிறது?"
வீட்டுக்காரிக்கு மறுபடி நாறுகிறதாம். சிரித்துக்கொண்டே பல் தேய்க்கப் போனேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. சுவர் புதிது. நான் ஊதவில்லை. இவளும் ஊத மாட்டாள். அப்போ?

மார்ச் 14
மகளை மாடிப்படியில் வைத்துக் கேட்டேன்.
"ஒண்ணு ரெண்டுதாம்பா. விட்டா படபடன்னு வருது. நீங்க ஊதின வீட்லதானே நான் பொறந்தேன்? எனக்கு என்ன ஆச்சு?"
எந்த வாயை வைத்துச் சொல்ல? "அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஏப்ரல் 2
ஸ்கேன். பேசிக்கொண்டே பார்த்த டாக்டரம்மா நடுவில் மறுபடி முதலிலிருந்து அளந்தார். குழந்தைக்கு மாதத்துக்கேற்ற எடை இல்லையாம்.
"வீட்ல யாராவது சிகரெட் பிடிப்பீங்களா?"
மகள் தரையைப் பார்த்தாள். என் வாய் முந்திக்கொண்டது: "நான்தாம்மா. பட்டறைக்காரன் புத்தி."
"இனிமே வெளியில போய்ப் பிடிங்க. பக்கத்துல வர்ற புகையே ஆகாது."
டாக்டரம்மா மகளிடம் ஒன்றுமே கேட்கவில்லை. பெரிய தியாகி நான் — அவளுக்கு வரவேண்டிய வைத்தியத்தை என் பேரில் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 10
போய் உண்மையைச் சொல்லிடலாம்மா என்றேன். "அடுத்த தடவைப்பா."

ஏப்ரல் 24
அடுத்த தடவையும் வந்தது. நாங்கள் இருவரும் டாக்டரம்மா முன்னால் உண்மையை விழுங்கிவிட்டு நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம்.

மே 11
மகளுக்கு ரத்தப்போக்கு. பட்டறை முதலாளியின் காரில் ஓடினோம். டாக்டரம்மா மறுபடி அதே கேள்வி. நான் வாயைத் திறந்தேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.
"அப்பா எப்பவோ விட்டுட்டார் டாக்டர். நான்தான். இன்னிக்குக் காலையிலகூட."
அவர் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா, விடறதுக்கு நாங்க உதவியிருப்போமே" என்றார். திட்டியிருக்கலாம்.

மே 14
பேத்தி. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். இன்னும் கையில் தரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் கையுமாக இருக்கிறாள். மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிட வா என்றேன்.
"இருங்கப்பா. பாப்பா இந்த மூச்சை விடட்டும், வரேன்."
அடுத்த மூச்சுக்கும் அதையே சொன்னாள்.