ஜெபமாலை முடிந்தும் பாடிய பெட்டி

அன்பான கோல்மனுக்கு,

மாதாவின் தயவில் நான் சுகம். உங்கள் முதுகுவலியும் படகின் இஞ்சினும் எப்படி இருக்கின்றன?

போன வாரம் கால்வேயில் ஒரு சின்ன வேடிக்கை, கவலைப்பட ஒன்றுமில்லை. நான் யாழ் வாசித்துப் பாடும் இந்தத் தெருவில் பாட்டு நின்றால் இடம் அடுத்த பாட்டுக்காரருக்கு, அதுதான் வழக்கம். என் இரவல் ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் நடுப்பாட்டில் பேட்டரி தீர்ந்தது. உடனே கித்தார்க்காரன் டெக்லன் வந்து நின்றான். “டெலியாக்கா, பெட்டி தூங்கிடுச்சு. நீங்களும் போய்த் தூங்குங்க!”

மறுநாளே புதிது வாங்கப் போனேன். கடைக்காரர் பெரிய பெட்டி ஒன்றைத் தட்டிக் காட்டினார். “எட்டு மணி நேரம் தாங்கும்னு அட்டையிலயே போட்டிருக்கு.”

“அது மெதுவா வச்சா. இதையும் அந்தச் சின்னதையும் தெருவுல பாடற சத்தத்துக்கு ஓட விடுங்க. நான் ஜெபமாலை சொல்லிட்டு உக்காந்திருக்கேன்.”

“ஜெபம் பண்ணினா பேட்டரி ஏறாதும்மா!”

ஜெபமாலையின் நூற்றைம்பத்து மூன்று மணிகளையும் ஒருமுறை உருட்டி முடிக்கும் முன்பே பெரியது கரகரத்து அடங்கியது. யாழோடு சேர்த்து நான் சுமக்கக்கூடிய சின்னதோ ஜெபமாலையின் மூன்றாம் சுற்றிலும் தெளிவாகப் பாடியது. கடைசியில் கடைக்காரரே ‘ஆமென்’ சொன்னார்.

நேற்று அதை வைத்து மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பாடினேன். கூட்டம் கலையவே இல்லை. காத்துக் காத்துக் கால் கடுத்துப்போன டெக்லன், “எந்தக் கடையில வாங்கினீங்கக்கா?” என்றான். சொன்னேன். ஜெபமாலையையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

என் கம்பளிக் கையுறையைக் இங்கே வரும் கப்பலில் கொடுத்துவிடுங்கள். நம் பிள்ளைகள் சொல்லும் இரவு ஜெபத்தைக் கைபேசியில் பதிந்து அனுப்புங்கள். இங்கே ஜெபத்தின் முன்பாதி, மற்றவர்கள் பதிலாகச் சொல்லும் பின்பாதி இரண்டையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

மழை விட்டுவிட்டது. டெக்லனுக்கு முன்னே போய் இடம் பிடிக்க வேண்டும்.

உங்கள் டெலியா