நீ கொட்டிய கடைசிப் பாண்டு

அம்மா,

பக்கத்து வீட்டில் இன்று தளம் போடுகிறார்கள். கலவை மெஷின் காலையிலிருந்து உறுமுகிறது. ஈர சிமெண்ட் வாடை ஜன்னல் வழியாக என் மேசை வரை வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்திருப்பாய். உனக்குப் பதில் நான் ஜன்னலைச் சாத்தினேன்.

சேவூர் போகும் வழியில் அந்தக் கல்யாண மண்டபம் கட்டியபோது எனக்கு ஆறு வயது. நீ மேலே பாண்டுச் சட்டியில் கான்கிரீட் சுமந்தாய். அப்பா கீழே நின்று, தளத்தைத் தாங்கும் சவுக்கு முட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ ஒரு பாண்டைக் கொட்டிவிட்டுத் திரும்பி, சாரத்தில் கால் வைத்தாய். அதற்குள் தளம் மொத்தமும் அப்பா மேல் இறங்கிவிட்டது.

"மேஸ்திரி பரவலா கொட்டச் சொன்னாரு. நான் ஜல்தியில குவியல் மேலயே கொட்டிட்டேன். என் பாண்டுதான்டி அவரை அமுக்கிடுச்சு." இதை எத்தனை முறை சொல்லியிருப்பாய்! சர்ச்சில் எல்லாரும் எழுந்த பிறகும் நீ மட்டும் முழங்காலிலேயே இருப்பாய். எனக்குக் கூச்சமாக இருக்கும், முந்தானையைப் பிடித்து இழுப்பேன்.

என் வேலை என்னவென்று ஊருக்கு விளக்கியே ஓய்ந்துபோனவள் நான். பாலமோ தானியக் கிடங்கோ, கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கட்டி, எடையை ஏற்றி, எங்கே விரிசல் விடும், எப்போது உடையும் என்று பார்க்கிற வேலை. நீ ஒருத்திதான் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாய். திரையில் ஒரு பாலம் எடை தாங்காமல் சிவந்து வளைவதைப் பார்த்துவிட்டு, எனக்குக் கொண்டுவந்த காபியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றாய்.

"இதுல நம்ம மண்டபத்தப் போட்டுப் பாக்க முடியுமா?"

"எதுக்கும்மா? ஒரு பாண்டுக்கெல்லாம் தளம் விழாது."

"நீ பாத்தியா?"

"பாக்காமலே தெரியும்."

"பாத்துட்டுச் சொல்லு. எத்தினி நாளுக்கு இப்படியே நெனச்சிகினு இருக்கறது?"

"பேஜார் பண்ணாதம்மா, வேலை இருக்குது" என்று எரிந்து விழுந்தேன். ஒருவேளை உன் பாண்டுதான் என்று வந்துவிட்டால்? அந்தப் பயமும் இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். நீ அப்புறம் கேட்கவே இல்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சு வலிக்கிறது என்றாய். ஆஸ்பத்திரி வாசல் வரைகூடத் தாங்கவில்லை.

நேற்று மண்டபத்தைப் போட்டேன். அளவெல்லாம் இத்தனை வருஷமாக நீ சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமானதுதான்: முட்டுக்கு முட்டு எத்தனை அடி, எதெல்லாம் ரெண்டு துண்டாக ஒட்டுப்போட்டது, எது செங்கல் மேல் நின்றது. நீ கொட்டிய குவியலையும் வைத்தேன். விழுந்தது. உன் பாண்டை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் விழுந்தது. உனக்கு ஞாபகம் தப்பியிருக்கலாமே என்று முட்டுகளைக் கொஞ்சம் நெருக்கிக்கூடப் போட்டேன். மேலே இருந்த ஆட்களை எல்லாம் இறக்கினேன். அப்படியும் நடுவிலிருந்த ஒட்டுக்கட்டைகள் ஈர கான்கிரீட்டின் எடைக்கே மடங்கின. அந்தக் கட்டையே போதும் என்ற காண்ட்ராக்டர் அதற்கப்புறமும் ஊரில் நன்றாகத்தான் இருந்தான்.

நீ இல்லை அம்மா. நீ காரணமே இல்லை. வாய்விட்டுச் சொன்னேன். கேட்கத்தான் நீ இல்லை.

மாடல் போட்டு, ஓட்டி, முடிவு பார்க்க எனக்கு அரை நாள்தான் ஆனது. நீ உயிரோடு இருந்தபோது அந்த அரை நாளை உனக்குத் தராதவள் நான். இனி அதோடுதான் இருக்க வேண்டும்.